கோட்டுக்குள் ஓடிய ஜிஎஸ்டி ரோடு

மண்டபத்தில் காலை முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் கட்டிய வாழைமரம் வெயிலில் துவண்டு கிடந்தது. மணமக்கள் உட்கார்ந்து எழுந்த மேடையில், ஜிகினாத் தோரணத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டியிருந்தார்கள். அந்தத் திரையில் ஜிஎஸ்டி ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. பெருங்களத்தூரில் யாரும் கண்ணால் கண்டிராத ஓட்டம். பஸ் நீலம், கார் வெள்ளை, பைக் பச்சை. ஒன்றன்பின் ஒன்றாக, வெள்ளைக் கோட்டைத் தொடாமல், பள்ளிக்கூடத்துப் பிரேயருக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி போய்க்கொண்டிருந்தன. ஒரு கார் பக்கத்துத் தடத்துக்கு மாற நினைத்தால், பின்னால் வந்த பஸ் வேகத்தைக் குறைத்து வழிவிட்டது. வழி! பஸ்! பையும் கையுமாக ரோட்டில் இறங்கி நிற்கிற ஒரு ஆள் இல்லை. ஒரு மாடு இல்லை.

"சூப்பர் சார்!" என்று ஒருவர் கைதட்டினார்.

அவர் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். வழியில் டிராஃபிக் என்று சொல்லிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவரும் அவர்தான்.

கூட்டம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரத்தில், ஜிஎஸ்டி ரோட்டின் நடுத் தடுப்பில் ஒரு திறப்பு இருந்தது. பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள் அதன் வழியாக நேரே குறுக்கே போய், தாம்பரம் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதை மூடிவிட்டால் நெரிசல் தீரும் என்று அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஒரு யோசனை. யோசனை சரியா என்று கணக்குப் போட்டுச் சொல்ல எங்கள் கம்பெனியை அமர்த்தினார்கள். எங்கள் கம்பெனி சரி என்றது. ஊர் மக்களிடம் காட்டித் தலையாட்ட வைக்கத்தான் மண்டபம்.

முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அந்தத் திறப்புக்கு நேர் எதிரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பழைய பெருங்களத்தூர்க்காரர். அவர் அப்பா உழுத நிலத்தில்தான் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. திறப்பை மூடினால் முதலில் அடிவாங்குவது அவர் கடை.

திரையில் கடைசியாக ஒரு பெயர் வந்தது. 'ஆய்வு: ஏ. ஜெகன்.'

ஜெகன் அவர் மகன்.

அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது, அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய என் பெயர் எங்கே போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

மூன்று கேள்வி கேட்கும் டிரைவர்

சாலையில் வண்டிகள் எப்படி ஓடும் என்பதைக் கணக்காக எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் தொழில். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால், "அப்ப நம்ம தாம்பரத்துல எப்ப மேடம் டிராஃபிக் குறையும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பந்திக்குப் போய்விடுவார்கள்.

கணக்கின்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு காலத்தில் மயக்கமே இருந்தது. முன்னால் போகிற ஒருவர் பிரேக்கை மிதிக்கிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர் கொஞ்சம் அதிகமாக மிதிக்கிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர் இன்னும் அதிகமாக. வண்டிகளெல்லாம் முன்னால் போக, நெரிசல் மட்டும் அலையாகப் பின்னால் நகரும். கல்லூரியில் இதைப் படித்த அன்று சாயங்காலம் தாம்பரத்தில் மேம்பாலத்தின் ஓரமாக நின்றேன். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எரிந்துகொண்டே வந்தன. கரும்பலகையில் இருந்தது ரோட்டில் நடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வயசு அப்படி.

தடம் மாறுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு டிரைவரும் தனக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வதாக அந்தக் கணக்கு நம்புகிறது. பக்கத்துத் தடத்துக்குப் போனால் எனக்கு லாபம் உண்டா? நுழைய இடம் இருக்கிறதா? நான் நுழைந்தால் பின்னால் வருகிறவருக்கு எவ்வளவு கஷ்டம்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால், யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. ஒன்று என்றால், அவர் கஷ்டமும் என் கஷ்டமும் ஒன்று. இங்கிலீஷில் அதற்குப் பெயரே பொலைட்னெஸ்.

பெருங்களத்தூரின் பொலைட்னெஸ் எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் நானும், எனக்குக் கீழே வேலை பார்த்த ஜெகனும் நடைமேம்பாலத்தின் மேல் கேமராவோடு நின்றோம். கீழே தென் மாவட்டமே ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. டீசல் புகையோடு வேர்க்கடலை வேகிற மணம் மேலே ஏறி வந்தது. ஒரு ஆம்னி பஸ் ஓரத்தில் நிற்காமல், ரோட்டின் குறுக்கே மூக்கை நீட்டிக்கொண்டு ஆள் ஏற்றியது. அதன் மூக்குக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு பைக். பைக்கில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு குக்கர்.

எனக்குத் தெரிந்து அங்கே யாரும் தனக்குள் கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை. மூக்கை நுழைத்தார்கள். பின்னால் வந்தவன் வேறு வழியில்லாமல் நின்றான். நின்றவன் திட்டினான். திட்டிவிட்டு அவனும் மூக்கை நுழைத்தான்.

"மேடம், இதுல லேன் எங்க இருக்கு?" என்றான் ஜெகன்.

"பெயின்ட்ல இருக்கு" என்றேன்.

டாக்டரின் அறை

எங்கள் டைரக்டரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். இந்தத் தொடரில் முன்பும் ஒருமுறை வந்திருக்கிறார். புதிதாகப் படிப்பவர்களுக்கு: வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்து, அங்கத்திய நெடுஞ்சாலைகளைப் பார்த்துவிட்டு, இங்கத்திய நெடுஞ்சாலைகளைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தவர். கார் கண்ணாடியில் கறுப்பு ஸ்கிரீன் போட்டுக்கொண்டு, பின் ஸீட்டில் லேப்டாப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் வருவார். போக்குவரத்து நிபுணர்!

வீடியோவைப் பார்த்து நான் கண்ட முடிவு எளிமையானது. திறப்பை மூடினால், தெருவிலிருந்து வருகிற வண்டிகள் ரோட்டின் இடது ஓரத்தில் சேர்ந்து, கொஞ்ச தூரத்துக்குள் எல்லாத் தடங்களையும் தாண்டி, வலது ஓரத்துக்குப் போய் அடுத்த யூ டர்னைப் பிடிக்க வேண்டும். நடுவில் பஸ் நிற்கிற இடம் வேறு. அத்தனை பேரும் குறுக்கே மூக்கை நீட்டினால் மொத்த ரோடும் நிற்கும். சிக்னலும் தனி இடமும் கொடுக்காமல் மூடாதீர்கள் என்று எழுதினேன்.

டாக்டர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பொலைட்னெஸ்ஸுக்கு ஸீரோ போட்டிருக்கீங்க."

"ஆமா சார். வீடியோல அப்படித்தான் இருக்கு."

"கவர்மென்ட் ஆபீஸ்ல இத பாத்தா என்ன நினைப்பாங்க? நம்ம ஜனங்கள நாமே கேவலப்படுத்தற மாதிரி இருக்காதா?"

"கேவலம் இல்ல சார். அளந்தது."

"சாஃப்ட்வேர்லயே ஒரு நம்பர் வருதே, அத வெச்சு ஓட்டுங்க. அது இன்டர்நேஷனல்."

ஓட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு தேசத்து நெடுஞ்சாலைக்காரர்களின் பண்பு பெருங்களத்தூருக்குள் புகுந்தது. பஸ்கள் நின்று வழிவிட்டன. நெரிசல் காணாமல் போனது. டாக்டர் முகத்தில் ஒரு பிரகாசம். நெரிசலை அவரே கையால் தள்ளிவிட்டது மாதிரி.

"பாத்தீங்களா? வொர்க் ஆகுது. கையெழுத்து மட்டும் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"எமோஷனல் ஆகாதீங்க மேடம். மாடல்னா மாடல்தான்."

"அதுக்கு ரோட்டோட பேர் வெச்சிருக்கோமே சார். அந்தப் பேர எடுத்துட்டா போடறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இன்டர்காமில், "ஜெகன வரச் சொல்லுங்க" என்றார்.

டீக்கடையில்

ஜெகன் கெட்டிக்காரன். நான் பார்த்தவர்களில் இவ்வளவு சுத்தமாகக் கோடிங் எழுதுகிறவன் யாரும் இல்லை. திரையில் ஓடிய அந்தப் படம் முழுக்க அவன் கைவேலை. அப்பா கடையைக்கூட விடவில்லை. ரோட்டோரம் ஒரு சின்னப் பெட்டியாக அதைச் செய்து, போர்டுக்கு அசல் மஞ்சளும் பச்சையும் பூசியிருந்தான்.

ஆபீஸ் வாசலில் இருந்த டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"கையெழுத்து போட்டியா?"

"போட்டேன் மேடம்."

"உன் பேர்ல வருது. நாளைக்கு யார் கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும்."

"கோடிங்ல தப்பு இல்லையே மேடம்? நீங்களே செக் பண்ணீங்க."

"கோடிங்ல தப்பு இல்ல. அது இந்த ரோடு இல்ல, அவ்ளோதான். உங்கப்பா கடை அங்கதானடா இருக்கு?"

அவன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சீனியர் ஆக்கறேன்னு சொல்லியிருக்காரு. பெங்களூர் ஆபீஸ். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. மண்டபத்தில் பெயரைப் பார்க்கும்வரை அவருக்குத் தெரியாது.

எனக்கு அவன்மேல் வந்தது கோபம்கூட இல்லை, இளக்காரம். இவ்வளவு மூளையை இவ்வளவு சுலபமாக வாங்க முடிகிறதே என்று. டாக்டராவது எதையும் பார்க்கவில்லை. இவன் மேம்பாலத்தின்மேல் என் பக்கத்தில் நின்று அத்தனையையும் பார்த்தவன்.

மைக்

இனி மண்டபத்துக்கு வருகிறேன்.

பெயர் வந்ததும் முதல் வரிசையில் ஒரு சலசலப்பு. "ஏழுமல, உன் புள்ளயா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்பது பின்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. ஏழுமலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் எழுந்தார். "சார், எங்க தெருவுலேர்ந்து தாம்பரம் போறவன் எப்படிப் போவான்? அத்த சொல்லுங்க மொதல்ல."

டாக்டர் சிரித்தபடி, "மிஸ்டர் ஜெகன் விளக்குவார்" என்று மைக்கைத் தள்ளிவிட்டார். கஷ்டமான கேள்வி வரும்போது மட்டும் டாக்டருக்கு இளைஞர்களின்மேல் நம்பிக்கை வரும்.

ஜெகன் பேசினான். முதலில் குரல் நடுங்கியது. அப்புறம் கணக்குக்குள் நுழைந்ததும் நடுக்கம் போய்விட்டது. அடர்த்தி, வேகம், இடைவெளி, தடம் மாறுதல் என்று அழகாகச் சொன்னான். ஒரு வார்த்தை புரியாதவர்கள்கூட வாயைத் திறந்தபடி கேட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாடம் பொய்க்குத் துணையாக இவ்வளவு நன்றாக ஒலிக்கும் என்று நினைத்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"நானும் அதே கம்பெனிதாங்க. இந்தப் படத்துல வர்ற மாதிரி பஸ் வழிவிடாது. மூடினா எல்லாரும் ரோட்டுக்குக் குறுக்க நிப்பாங்க. இப்ப இருக்கறதவிட மோசமாகும். நாங்களே வீடியோ எடுத்துப் பாத்திருக்கோம்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. டாக்டர் சிரிப்பை மாற்றாமல், "இது இன்டர்னல் டிஸ்கஷன்" என்றார். ஜெகன் தலையைக் குனிந்துகொண்டான். கேள்வி கேட்டவர் உற்சாகமாகி, "அப்டி சொல்லுங்க மேடம்!" என்றார். நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தத் திறப்பு பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அப்போது ஏழுமலை எழுந்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நஷ்டம் அவருக்கு. கத்தப் போவதும் அவர்தான் என்று எதிர்பார்த்தார்கள். நானும்தான். அவர் மேடையைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஊரும்மா?"

"செம்பாக்கங்க."

"இவன் இந்த ரோட்டாண்டயே பொறந்து வளந்தவன். இந்த ரோட்ட தாண்டித்தான் இஸ்கூலுக்குப் போனான். இவனுக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்? கடை என்னுது. நஷ்டம் வந்தா எனக்கு. எம் புள்ள கணக்கு போட்டு சொல்றான். நான் சொல்றேன், மூடட்டும்."

அதற்கப்புறம் யார் என்ன பேசுவது? கடைக்காரரே சரி என்கிறார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சங்கச் செயலாளர் மறுபடியும் கைதட்டினார். எதற்குக் கைதட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அது அவர் வழக்கம்.

ஜெகன் அப்பாவைப் பார்த்தபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போதாவது வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். திறந்தான். "தேங்க் யூ" என்றான்.

வழிவிட்ட பிறகு

அடுத்த வாரம் என்னை ஒரு பெரிய மாலின் பார்க்கிங்கில் கார் எண்ண அனுப்பினார்கள். டிக்கெட் மெஷினே எண்ணுகிற காரை நானும் எண்ணினேன். சீக்கிரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் இதே கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஜெகன் பெங்களூருக்குப் போய்விட்டான்.

திறப்பை கான்கிரீட் கட்டைகள் போட்டு மூடினார்கள். என்ன நடக்கும் என்று நான் எழுதியிருந்தேனோ அது அப்படியே நடந்தது. யூ டர்னைப் பிடிக்க வண்டிகள் குறுக்கே நின்றன. பஸ் அவற்றின் பின்னால் நின்றது. வரிசை பின்னோக்கி நகர்ந்து, பழைய திறப்பைத் தாண்டி, ஏழுமலை கடை வாசலையும் தாண்டிப் போனது. நான் சொன்னது பலித்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தினமும் கல்லூரிக்குப் போகையில் அதே வரிசையில்தான் நானும் நின்றேன்.

கடைசியாக டாக்டர் காதுக்கும் சேதி போயிருக்கிறது. புதிய யூ டர்னில் ஏன் இவ்வளவு நெரிசல் என்று ஆராய்ச்சி செய்கிற வேலையை எங்கள் பழைய கம்பெனியே எடுத்திருப்பதாகக் கேள்வி. தீ வைத்தவனே தண்ணீர் லாரியும் வாடகைக்கு விடுவது என்பது இதுதான்.

குழாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. செம்பாக்கத்தில் தெருவுக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏழுமலை கடைக்குப் போனேன். சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. மண்டபத்திலிருந்தே சேர்த்து வைத்திருந்தேன்.

கடையில் கூட்டமில்லை. பெயின்ட் டப்பாக்களின்மேல் ரோட்டுப் புழுதி படிந்திருந்தது. வாசலில் ஒரு சிமென்ட் லாரி ஓரங்கட்ட முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மண்டபத்துல பேசுன மேடம்தானே? உள்ள வாம்மா. இன்னா வோணும்?"

குழாயைக் காட்டினேன். தேடி எடுத்து, திருகிப் பார்த்து, தூசியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

"வியாபாரம் எப்படிப் போகுதுங்க?" என்று ஆரம்பித்தேன்.

"பாக்கறியே. எதிர்பக்கத்து ஆளு ஒருத்தனும் வரது இல்ல. லோடு எறக்கறதே பேஜாரா கீது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "கணக்குல தப்பு இல்லம்மா. அவன் போட்டது கரெக்ட். அந்தப் படத்துல எப்டி போச்சு பாத்தியா? நம்ம கடைகூட இருந்துச்சு, அதே போர்டு, அதே கலரு. ஜனங்க அந்த மாரி போனா எல்லாம் சரியா இருக்கும். ஜனங்களுக்குப் போவத் தெரியல. அதுக்கு எம் புள்ள இன்னா பண்ணுவான்?"

மனப்பாடம் பண்ணியதைக் குழாயோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஜெகன் வந்தானா?" என்றேன்.

"வேல ஜாஸ்தி. போன பண்டிகைக்கும் வரல." கல்லாவை இழுத்து மூடினார். "நீதான் அவனுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தியாமே. போன்ல சொன்னான்."

"ஆமாங்க. நல்லா படிச்சான்" என்றேன். அது பொய் இல்லை.

ஸ்கூட்டரைத் திருப்பினேன். யூ டர்ன் இருக்கும் பக்கம் வண்டிகள் கண்ணுக்கெட்டியவரை அடைத்து நின்றன. அவர் கடைப் படியிலிருந்து கூப்பிட்டார்.

"அங்க போவாதம்மா, மாட்டிக்குவ. இப்டிக்கா ராங்ல ஓரமா போயிடு. நான் வூட்டுக்கு அப்டித்தான் போறேன். எல்லாரும் அப்டித்தான்."

போக்குவரத்தில் பட்டம் வாங்கியவள், எதிர்த்திசையில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னாலும் பின்னாலும் ஸ்கூட்டர்கள், பைக்குகள், தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு சைக்கிள் வண்டி. எல்லாம் ரோட்டின் விளிம்பில் ஒற்றை வரிசையில் போயின. யாரும் முந்தவில்லை. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. நடுவில் ஒரு பஸ் ஓரத்துக்கு வந்தபோது முதலில் போனவர் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் நின்று, இடைவெளி விட்டு, அதற்கு வழிவிட்டோம். பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை அசைத்து நன்றி சொன்னார். மறுபடி அதே வரிசையில் புறப்பட்டோம்.

இத்தனை வருஷத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் நான் கண்ணால் பார்த்த ஒரே ஒழுங்கான தடம் அதுதான்.